சாப்பிடாமலே சர்க்கரை ஏறுமா? பினாங்குச் சகோதரியின் கேள்விக்குப் பதில்

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிறார். வழக்கமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஆறு, ஆறரை (லிட்டருக்கு மில்லிமோல் என்ற மலேசிய அளவில்) காட்டும் கருவி, தணிக்கை நடக்கும் வாரத்தில் மட்டும் எட்டைத் தாண்டுகிறது. மதிய உணவுக்குப் பின் நடக்கும் கூட்டம் முடிந்த கையோடு பார்த்தால் பத்துக்கும் மேல். கிளினிக்கில் “எதையோ மறைத்துச் சாப்பிடுகிறீர்கள்” என்றார்களாம். வீட்டில் “எல்லாம் மனப்பிரமை” என்கிறார்களாம். “மூளைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?” என்பது அவர் எழுதிய கேள்வி.

அதைப் படித்தபோது அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப்பட்டது. வாயில் எதுவும் போடாதபோது இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இதில் என் குற்றம் எவ்வளவு என்பது இன்னொன்று. நான் கோலாலம்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவள். ஓய்வுக்குப் பிறகு இனிப்புநீர் உள்ளவர்களுக்கான வகுப்புகளில் பேசி வருகிறேன். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் எப்படி இயங்குகிறது என்பதைத்தான் என்னால் பொறுப்போடு விளக்க முடியும்.

முதல் கேள்விக்கான பதிலில் சந்தேகமே இல்லை. சர்க்கரை உங்கள் கல்லீரலிலிருந்து வந்தது. வெளியே விடச் சொன்னது உங்கள் மூளை. சில கணக்குகளைப் பார்த்தால் இது எவ்வளவு எளிதாக நடக்கக்கூடியது என்று தெரியும். நம் உடலில் ஓடுவது சுமார் 5 லிட்டர் இரத்தம். சர்க்கரை அளவு லிட்டருக்கு 5 மில்லிமோல் என்றால், அந்த 5 லிட்டரிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்து 4 முதல் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் மலேசிய அளவை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், எங்கள் 8 உங்கள் 144.) ஆனால் நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் 100 கிராம் அளவுக்கு இருப்பு இருக்கும். அது குறையும்போதும் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்களையும் லாக்டேட்டையும், கொழுப்பிலிருந்து வரும் கிளிசராலையும் கொண்டு புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவில் அயர்ந்து உறங்கும்போதுகூட அவருடைய கல்லீரல் மணிக்கு 7 கிராம் அளவில் இரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வேகம் சற்றுக் கூடினாலோ, தசைகள் அதை எடுத்துக்கொள்ளும் வேகம் சற்றுக் குறைந்தாலோ கருவியில் எண் ஏறிவிடும். அதற்கு ஒரு வாய் உணவும் தேவையில்லை.

மூளைக்கு ஏன் இந்த அதிகாரம்? நம் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 100 கிராமுக்கும் மேல் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். தசையைப் போல அதைச் சேர்த்து வைக்கவும் அதனால் முடியாது. கொழுப்பு அமிலங்களை எரித்துச் சமாளிக்கவும் பெரும்பாலும் முடியாது. நீண்ட பட்டினியில் மட்டும் கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன்கள் துணைக்கு வருகின்றன. ஆகவே இரத்தச் சர்க்கரை 4-க்குக் கீழே நழுவத் தொடங்கினால் மூளை உடனே அட்ரினலினையும், கணையத்திலிருந்து வரும் குளூக்ககோன் என்ற ஹார்மோனையும் சுரக்கவைத்து அதை மேலே இழுக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அந்த அட்ரினலினின் வேலை. ஆபத்து வரப்போகிறது என்று கருதும்போதும் மூளை இதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துகிறது. புலி துரத்துகிறதா, மேலாளர் கேள்வி கேட்கிறாரா என்று கல்லீரலுக்குத் தெரியாது. அதற்கு வந்து சேர்வது ஒரே வகையான உத்தரவு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1849-இல் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார், முயலின் மூளைத்தண்டில் நான்காம் அறையின் தரைப்பகுதியை ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை வந்ததைக் கண்டார். நரம்பு மண்டலம் சர்க்கரையை ஆள்கிறது என்பதற்கான முதல் தெளிவான சான்று அது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டின் வால்டர் கேனன், மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வருவதையும், அட்ரினல் சுரப்பிகளை நீக்கிவிட்டால் அது வராததையும் காட்டினார். அவர் பதிவு செய்தவற்றில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது 1913-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்தவுடன் ஹார்வர்ட் அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேரிடம் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர், பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள். “மனப்பிரமை” என்று சொல்பவர்களிடம் இந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

உத்தரவு எப்படிப் போகிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்களுடைய இரண்டு அளவுகளுக்கும் வேறு வேறு விளக்கம் இருக்கக்கூடும். அச்சத்தையும் அச்சுறுத்தலையும் மதிப்பிடுவதில் மூளையின் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. ஹைப்போதலாமஸ் இரண்டு வழிகளைத் திறக்கிறது. முதலாவது நரம்பு வழி. உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் வழியாகச் சில நொடிகளில் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. அதே நரம்புகள் நேரடியாகக் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் போகின்றன. கல்லீரல் கிளைக்கோஜனை உடைக்கிறது. கணையத்தில் இன்சுலின் அடங்கிக் குளூக்ககோன் கூடுகிறது. தசைகள் குளுக்கோஸை எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிடுகிறது. நான்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹைப்போதலாமஸின் நடுக்கீழ்ப் பகுதியைத் தூண்டினால் கல்லீரலின் கிளைக்கோஜன் குறைந்து சர்க்கரை ஏறுவதை ஜப்பானைச் சேர்ந்த ஷிமாஸுவும் குழுவினரும் 1960-களிலேயே முயல்களில் காட்டிவிட்டார்கள்.

இரண்டாவது ஹார்மோன் வழி, இது மெதுவானது. ஹைப்போதலாமஸ் சுரக்கும் சிஆர்ஹெச் என்ற 41 அமினோ அமிலங்களாலான ஹார்மோன், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்ட்டிசோலை வரவழைக்கிறது. (சிஆர்ஹெச்சின் அமைப்பை 1981-இல் வைலி வேலின் குழு கண்டறிந்தது. லட்சக்கணக்கான ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துணுக்குகளை வைத்துச் செய்த வேலை அது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.) மன உளைச்சல் தொடங்கி 20 முதல் 30 நிமிடங்களில் கார்ட்டிசோல் இரத்தத்தில் உச்சத்தை அடைகிறது. ஆனால் அதன் செயல்களில் பெரும்பகுதி மரபணுக்களின் வழியாக நடப்பதால், கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதும் தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுப்பதும் மணிக்கணக்கில் நீடிக்கும். கார்ட்டிசோல் சர்க்கரையை ஏற்றும் என்பதற்கு ஆய்வகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ பிரெட்னிசோலோன் சாப்பிடும் இனிப்புநீர்க்காரரின் வீட்டில் கேட்டால் போதும். காலையில் மாத்திரை போட்டால் பிற்பகலில் எண் எகிறுவதை அவர்களே சொல்வார்கள்.

இதுவரை சொன்னதில் அமிக்டலாவிலிருந்து கல்லீரல் வரையிலான பாதையை மட்டும் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் ஆய்வாளர்கள் 2025-இல் அந்தப் பாதையை எலிகளில் மிக நுட்பமாகத் தொடர்ந்து காட்டினார்கள். அதைத் தூண்டியபோது அட்ரினல் ஹார்மோன்களின் துணை பெரிதாக இல்லாமலே சர்க்கரை ஏறியது. மனித உடலில் இதே பாதை இதே அளவுக்கு வேலை செய்கிறது என்று அதை வைத்து உறுதி கூற முடியாது. மனிதர்களில் நரம்புக்கு எவ்வளவு பங்கு, அட்ரினலினுக்கு எவ்வளவு பங்கு என்பதில் கணக்கு இன்னும் முடியவில்லை.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். இனிப்புநீர் இல்லாத ஒருவருக்கும் கூட்டத்தின்போது இதே உத்தரவு போகும். ஆனால் அவருடைய கணையம் சிறிது நேரத்திலேயே கூடுதல் இன்சுலின் சுரந்து சரிசெய்துவிடும். உங்களுக்கு அந்தத் திருத்தம் மெதுவாகவும் குறைவாகவும் நடக்கிறது. அதனால்தான் கருவியில் தெரிகிறது. ஓடியிருந்தால் தசைகள் அந்தக் குளுக்கோஸை எரித்திருக்கும். சுருங்கி விரியும் தசைக்குக் குளுக்கோஸை உள்ளிழுக்க இன்சுலின்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னதால் அது இரத்தத்திலேயே தங்கிவிட்டது. உணவுக்குப் பின் நடந்த கூட்டத்தில் பத்தைத் தாண்டியதற்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

காலையில் வெறும் வயிற்றில் எட்டு வருகிறதே, அதைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. சுவிட்சர்லாந்தில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், முதலாம் வகை இனிப்புநீர் (கணையம் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்களை நடுவர்கள் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். சாப்பிட்ட பிறகு இந்தச் சோதனைக்கு ஆளானவர்களின் சர்க்கரை இறங்கத் தாமதமானது. வெறும் வயிற்றில் ஆளானவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. உங்களுடையது இரண்டாம் வகை என்பதால் இதை அப்படியே ஒட்டிவிட முடியாது என்றாலும், அரை மணி நேரப் பதற்றம் வெறும் வயிற்று அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று எளிதாக முடிவுகட்டக்கூடாது என்பதை இது சொல்கிறது. இரவில் வளர்ச்சி ஹார்மோனும் விடியற்காலையில் கார்ட்டிசோலும் இயல்பாகவே உயர்ந்து கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. இனிப்புநீர் உள்ள பலருக்குக் காலை எண் கூடுதலாக இருப்பது இதனால்தான், தணிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆகவே அந்த வாரத்தில் வேறு என்னென்ன மாறுகின்றன என்று பாருங்கள் என்பதே என் கருத்து. முதலில் தூக்கத்தைப் பாருங்கள். 1999-இல் சிகாகோவில் செய்த ஆய்வில், நலமான 11 இளைஞர்களை 6 இரவுகள் வெறும் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். குளுக்கோஸைக் கையாளும் அவர்களின் திறன் தெளிவாகக் குறைந்தது. மாலை நேரக் கார்ட்டிசோலும் கூடியது. எந்தப் பதற்றமும் இல்லாத இளைஞர்களுக்கே இந்த நிலை. அடுத்தது இரவு உணவின் நேரம். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் சிக்கி வீடு திரும்பி, பத்து மணிக்கு மாமாக் கடையில் வாங்கிய மீ கோரெங்கை (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டால் காலை எண் அதைக் காட்டிக்கொடுக்கும். களைத்துப்போய்ப் படுத்ததில் இரவு மெட்ஃபோர்மின் விடுபட்டிருக்கலாம். அந்த மருந்தின் முக்கிய வேலையே கல்லீரல் குளுக்கோஸ் விடுவதைக் குறைப்பதுதான். அது ஓரிரு நாள் இல்லாமல் போனால் முதலில் உயர்வது வெறும் வயிற்று அளவு. தே தாரேக்கின் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) கணக்கையும் பாருங்கள். கூட்ட நாளில் இரண்டு கோப்பை என்பது நான்காகியிருக்கலாம். அதில் ஊற்றும் பாலே இனிப்புப் பால். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கடுமையான பதற்றத்தின் தொடக்கத்தில் சிஆர்ஹெச் பசியை அடக்குகிறது. பின்னர் கார்ட்டிசோல் இனிப்பையும் கொழுப்பையும் தேடவைக்கிறது. கூட்டத்தின்போது சாப்பாடு இறங்காமல், அது முடிந்ததும் கை தானாகப் பலகாரத் தட்டுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சிலர் உளைச்சலில் அதிகம் சாப்பிடுவதும் சிலர் எதையும் தொடாமல் மெலிவதும் ஏன் என்பதற்கு முழு விளக்கம் யாரிடமும் இல்லை.

“இனிப்புநீர் வந்ததே இந்த வேலை டென்ஷனால்தான்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. கார்ட்டிசோல் ஆண்டுக்கணக்கில் மிகையாகச் சுரக்கும் கஷிங் நோயில் வயிற்றில் கொழுப்பு சேர்வதும், தசை கரைவதும், சர்க்கரை ஏறுவதும் ஐயமில்லாத உண்மை. அன்றாட வேலை உளைச்சலில் கார்ட்டிசோல் அந்த அளவை நெருங்குவதே இல்லை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், நீண்டகால வேலை உளைச்சல் உள்ளவர்களுக்கு வயிற்றுப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறு எல்லாம் சேர்ந்து வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அது கவனிக்க வேண்டிய தொடர்பு. ஆனால் கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வு எதுவும் காரணத்தை முழுமையாக நிறுவிவிடாது. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது. மரபு, வயிற்றுக் கொழுப்பு, உணவு, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு டென்ஷன் மேல் மட்டும் பழிபோட்டால் நாம் செய்யக்கூடியவற்றைச் செய்யாமல் விட்டுவிடுவோம். எனக்கு அதுதான் கவலை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குற்றவாளி இல்லை, உங்கள் மனமும் உங்களை ஏமாற்றவில்லை. அதே நேரத்தில், காரணம் உளைச்சல் என்பதால் அந்த எண் பாதிப்பில்லாதது என்று ஆகிவிடாது. இரத்தக் குழாய்க்குச் சர்க்கரை எதனால் ஏறியது என்ற வேறுபாடு இல்லை. ஆண்டுக்கு இரண்டு தணிக்கை வாரங்கள் என்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பெரிதாக அசையாது. அசைந்திருந்தால், தணிக்கை இல்லாத வாரங்களிலும் அளவு கூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அப்போது மருந்தை மறுபடி பார்க்க வேண்டிவரும்.

அடுத்த தணிக்கையின்போது சிலவற்றைச் செய்து பார்க்கலாம். குத்துவதற்கு முன் கையைச் சோப்பால் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்தால் கருவி பொய்யான உயர்வைக் காட்டும். வீட்டுக் கருவிகளுக்கு 15 விழுக்காடு வரை விலகல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 7.4-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து மனம் வருந்த வேண்டாம். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் தொழிற்சாலை வளாகத்திலேயே கால் மணி நேரம் நடங்கள். நான் சொல்பவற்றில் உடலியங்கியல் சான்று மிகத் தெளிவாக உள்ளது இதற்குத்தான். மூச்சுப் பயிற்சி, தியானம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2002-இல் டியூக் பல்கலைக்கழகத்தில், உளைச்சலைக் கையாளும் பயிற்சி பெற்ற இரண்டாம் வகை நோயாளிகளின் எச்பிஏ1சி ஓராண்டில் சுமார் அரை விழுக்காடு குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள், மாத்திரைக்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, குறிப்பாகக் கிளிக்லசைடு (இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை) அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு. படபடப்பும் வியர்வையும் வந்தால் அதை டென்ஷன் என்று தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் அதே அட்ரினலின்தான் அதே அறிகுறிகளைத் தருகிறது. கருவியில் பார்க்காமல் வேறுபடுத்தவே முடியாது. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. எண் பதினைந்தைத் தாண்டி, கூடவே வாந்தியோ காய்ச்சலோ வந்தால், தணிக்கை நடந்துகொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதை முடிவு செய்ய உங்கள் சிறுநீரகச் சோதனை முடிவும் தேவை, அது கிளினிக்கில்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது வெறும் எண்களை மட்டும் நீட்டாதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், இரவு என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை விடுபட்டது, அன்று கூட்டம் இருந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். “மறைத்துச் சாப்பிடுகிறீர்கள்” என்று சொன்னவர்கூட, இரண்டு வாரங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறு விதமாகக் கேள்வி கேட்பார்.